கோடும் தள்ளாட்டமும் ஒரே மரபணு: வளர்ப்புப் பாம்புகளில் பிறவிக் குறைகள் ஏன் வருகின்றன?

பாங்காக்கிலிருந்து சென்னை வந்த பயணியின் பெட்டியில் பாம்புகள் பிடிபட்டன என்ற செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு படமும் இருக்கும். துணிப்பைகளிலும் பிளாஸ்டிக் டப்பாக்களிலும் சுருண்டு கிடக்கும் மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, சாம்பல் நிறப் பாம்புகள். 'அரிய வகைப் பாம்புகள் பறிமுதல்' என்று தலைப்பு போடுவார்கள். பார்ப்பவர்கள் அவை பத்துப் பதினைந்து வகைப் பாம்புகள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பல நேரங்களில் அத்தனையும் ஒரே இனம்தான்: பால் பைத்தான்.

அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுள் சில நிறங்களோடு சேர்ந்து ஊனமும் ஏன் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடியிலிருந்து தொடங்கினால் போதும்.

ஒரே இனம், ஆயிரம் சட்டை

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு. உலகச் சந்தைக்குப் போனவற்றில் பெரும்பகுதி கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து போனவை. எலி வளைகளில் பதுங்கி வாழும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பெயரில் உள்ள 'பால்' அந்தப் பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். விஷம் கிடையாது, கடிக்க வருவதும் குறைவு, நான்கைந்து அடிக்கு மேல் வளர்வது அரிது. வீட்டில் பாம்பு வளர்க்கிறவர்களிடையே உலகமெங்கும் இது பரவியதற்கு இந்தக் குணங்களே காரணம்.

காட்டில் இருக்கும் பால் பைத்தான் கரும்பழுப்பு உடலில் வெளிர்பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். வளர்ப்பவர்கள் இதை 'நார்மல்' என்பார்கள். இந்தத் தோற்றத்திலிருந்து மாறி, அந்த மாற்றத்தைக் குட்டிகளுக்கும் கடத்தும் பாம்பை 'மார்ஃப்' என்கிறார்கள். கடத்துவதுதான் முக்கியம். ஆயிரத்தில் ஒரு பாம்பு விசித்திர நிறத்தோடு பிறக்கலாம். அதன் வாரிசுகளிலும் அந்த நிறம் வந்தால்தான் அது மரபணு மாற்றம் என்று நிரூபணமாகும். பால் பைத்தானில் முதலில் அப்படி நிரூபிக்கப்பட்டது ஆல்பினோ. 1992இல் அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க் அதைக் குட்டி பொரிக்க வைத்தார். அந்தக் குட்டிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோன பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பாம்புகளில் நிறம் மாறியது ஏதாவது உண்டா என்று தேடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. இன்று தனி மரபணுக்களையும் அவற்றைக் கலந்து உண்டாக்கிய சேர்க்கைகளையும் எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும்.

இரண்டு நகல் கணக்கு

ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு பாம்புக்கு இரண்டு நகல் உண்டு: ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. மாறிய நகல் எத்தனை இருந்தால் நிறம் வெளியே தெரியும் என்பதைப் பொறுத்து மார்ஃப்கள் பிரிகின்றன.

1. ஒடுங்கு வகை. ஆல்பினோ, பைபால்ட், கிளவுன் போன்றவை. இரண்டு நகலும் மாறியிருந்தால்தான் நிறம் தெரியும். ஒரு நகல் மட்டும் மாறிய பாம்பு பார்வைக்கு நார்மல். ஆனால் உள்ளே சுமந்துகொண்டிருக்கும். இதற்கு 'ஹெட்' என்று பெயர். இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி ஆல்பினோ. நார்மலாகத் தெரியும் மற்ற மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று சுத்த நார்மல். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. விற்பனைப் பட்டியல்களில் '66% ஹெட்' என்று போடுவது இந்த மூன்றில் இரண்டைத்தான்.

2. முழுமையற்ற ஓங்கு வகை. பாஸ்டல், மொஹாவே, சின்னமன் போன்றவை. ஒரு நகல் மாறினாலே நிறம் தெரியும். இரண்டும் மாறினால் தோற்றம் இன்னும் தீவிரமாகும். அதை 'சூப்பர்' என்பார்கள். ஒரு நகலில் மொஹாவே பழுப்பும் மஞ்சளும் கலந்த பாம்பு. இரண்டு நகலில் ஏறக்குறைய முழு வெள்ளை உடலும் நீலக் கண்ணும் கொண்ட பாம்பு.

3. சூப்பரே இல்லாத வகை. ஒரு நகலில் அழகான பாம்பு. இரண்டு நகல் சேர்ந்தால் குட்டி முட்டைக்குள்ளேயே சாகிறது, அல்லது பிறந்தும் பிழைப்பதில்லை. ஷாம்பெயின் என்ற மார்ஃப் இதற்கு உதாரணம். ஆஸ்திரேலிய, நியூகினி கார்பெட் பைத்தானில் ஜாகுவார் என்ற மார்ஃபும் அப்படித்தான்: இரண்டு நகல் பெற்ற குட்டிகள் தூய வெள்ளையாக உருவாகும், ஆனால் உயிர் தங்காது.

இந்த மூன்றாவது வகையைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு நகல் உயிரைப் பறிக்கிறது என்றால், அந்த மரபணு நிறத்தை மட்டும் தொடவில்லை என்று அர்த்தம். உடல் உருவாவதற்குத் தேவையான வேறு ஏதோ வேலையும் அதற்கு இருக்கிறது. அப்படியானால் ஒரு நகல் மட்டும் மாறிய பாம்பில் அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா?

ஸ்பைடர்

1999இல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பாம்புகளில் ஒன்றின் உடலில், பொன்னிறத்தின் மேல் மெல்லிய கருங்கோடுகள் வலைபோல் ஓடின. விலாப் பக்கம் வெள்ளை ஏறியிருந்தது. கெவின் மெக்கர்லி என்ற வளர்ப்பாளர் அதை இனப்பெருக்கம் செய்து, ஒரு நகலிலேயே இந்தக் கோலம் வரும் என்று காட்டினார். சிலந்தி வலையை நினைவூட்டியதால் ஸ்பைடர் என்று பெயர். இன்று உலகில் உள்ள ஸ்பைடர் பால் பைத்தான்கள் இந்த ஒரே வழியில் வந்தவை.

ஒரு ஸ்பைடர் பாம்பு இரை பிடிப்பதைக் கூர்ந்து பார்த்தால் விஷயம் புரியும். எலியின் வாசனை பட்டதும் தலை நிமிர்கிறது. நார்மல் பாம்பு அந்த இடத்தில் அசையாமல் குறிபார்க்கும். இதன் தலை மெல்ல ஆடத் தொடங்குகிறது. மணிக்கூண்டு ஊசல்போல் இடமும் வலமும். பரபரப்பு ஏற ஏற ஆட்டமும் ஏறுகிறது. கழுத்து முறுக்கிக்கொள்கிறது, தாடை மேலே திரும்புகிறது, சில நொடிகள் பாம்பு தலைகீழாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாய்ந்தால் எலிக்கு ஓர் அங்குலம் தள்ளிப் போய் விழுகிறது. மறுபடி பாய்கிறது. மறுபடி தவறுகிறது. சில பாம்புகளில் இதெல்லாம் லேசான தலை நடுக்கத்தோடு நின்றுவிடும். சில பாம்புகள் மல்லாக்கப் போட்டால் நிமிர்ந்துகொள்ளவே திணறும். வளர்ப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'வாபிள்', அதாவது தள்ளாட்டம்.

ஒரு ஸ்பைடரையும் ஒரு நார்மலையும் சேர்த்தால் பாதிக் குட்டிகள் ஸ்பைடர், பாதி நார்மல். ஸ்பைடர் குட்டிகளுக்குத் தள்ளாட்டம் உண்டு. அதே முட்டைக்கூட்டில், அதே சூட்டில், அதே தாய் இட்ட முட்டையிலிருந்து வந்த நார்மல் குட்டிகளுக்கு இல்லை. கோலம் இருக்கும் இடத்தில் தள்ளாட்டமும் இருக்கிறது. கோலம் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. இரண்டு நகல் கொண்ட ஸ்பைடர் பிறந்து வளர்ந்ததாக நிரூபிக்கப்பட்ட பாம்பும் கிடையாது. சூப்பர் ஸ்பைடர் கருவிலேயே சாகிறது என்றுதான் பெரும்பாலான வளர்ப்பாளர்கள் முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

காது வரை போன தேடல்

இது மூளைக் கோளாறு என்றுதான் பல ஆண்டுகள் பேசிக்கொண்டார்கள். 2022இல் மத்தியாஸ் ஸ்டார்க் உள்ளிட்ட ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்பைடர் பாம்புகளின் மண்டையை மைக்ரோ சிடி ஸ்கேன் மூலம் மிக நுணுக்கமாகப் படமெடுத்து, நார்மல் பாம்புகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். கோளாறு உட்செவியில் இருந்தது.

பாம்புக்கு நம் மொழியில் 'கட்செவி' என்று பழைய பெயர் உண்டு: கண்ணையே செவியாகக் கொண்டது. வெளியே காது மடலோ துளையோ இல்லாததால் வந்த பெயர். ஆனால் மண்டைக்குள் உட்செவி இருக்கிறது. தரையின் அதிர்வை உணர்வதற்கு மட்டும் அது இல்லை. எது மேல், எது கீழ், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வதும் அதன் வேலை. திரும்புவதை உணர மூன்று அரைவட்டக் குழல்கள், சாய்வையும் ஈர்ப்பையும் உணர சாக்குலஸ் போன்ற பைகள். ஸ்பைடர் பாம்புகளில் அரைவட்டக் குழல்கள் உருக்குலைந்திருந்தன. சாக்குலஸ் சிறுத்திருந்தது. அதாவது, தலை எங்கே இருக்கிறது என்ற தகவலே மூளைக்குத் தப்பாகப் போகிறது. ராட்டினத்திலிருந்து இறங்கிய முதல் சில நொடிகள் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பாம்புக்கு இறங்குவது என்பதே இல்லை.

சரி, தோலின் கோலத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

முதுகெலும்புள்ள எல்லா உயிர்களிலும், கரு வளரும்போது தண்டுவடம் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் புறப்பட்டு உடலெங்கும் பயணிக்கும். இவற்றை நரம்பு முகட்டுச் செல்கள் என்பார்கள். தோலின் நிறமிச் செல்கள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. நரம்புகளின் பகுதிகளும் முக எலும்புகளின் பகுதிகளும் இவற்றிலிருந்தே வருகின்றன. காது ஒழுங்காக அமைவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. பாம்பின் உடலில் திட்டும் கோடும் எங்கே விழும் என்பது, இந்தச் செல்கள் எவ்வளவு தூரம் போய், எங்கே நின்றன என்பதைப் பொறுத்தது. அந்தப் பயணத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் கைவைத்தால் கோலம் மாறும். அதே செல்கள் போகவேண்டிய மற்ற இடங்களிலும் வேலை கெடும்.

இது பாம்புக்கு மட்டும் உரியதில்லை. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல பிறவியிலேயே செவிடு. டால்மேஷியன் நாய்களில் செவிட்டுத்தன்மை அதிகம். மனிதர்களில் வார்டன்பர்க் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நெற்றியில் ஒரு கற்றை வெள்ளை முடியும் வெளிர்நீலக் கண்ணும் இருக்கலாம். பலருக்குக் காது கேட்காது. நிறமும் காதும் இப்படிச் சேர்ந்தே கெடுவதை மருத்துவம் பல காலமாகப் பார்த்துவருகிறது.

பல்லிகளிலும் இதற்கு நெருங்கிய உறவுள்ள கதை ஒன்று உண்டு. லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியில் லெமன் ஃப்ராஸ்ட் என்ற மார்ஃப் வந்தது. கண்ணைப் பறிக்கும் வெள்ளை, மஞ்சள். ஒளியைப் பிரதிபலிக்கும் நிறமிச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்த அழகு அது. அந்தப் பெருக்கம் நிற்காமல் தொடர்ந்து கட்டியானது. 2021இல் வெளியான ஆய்வு இதை ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு இணைத்தது. லெமன் ஃப்ராஸ்ட் பல்லிகளில் 80 சதவீதத்துக்கு மேல் தோல் கட்டி வருகிறது.

மற்ற மார்ஃப்களில்

நல்லவேளையாக, பெரும்பாலான மார்ஃப்களில் இப்படி எதுவும் இல்லை. ஆல்பினோவில் மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியின் மரபணுதான் மாறியிருக்கிறது என்று அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் கண்டார்கள். வளர்ப்பாளர்கள் தபாலில் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலிருந்தே டிஎன்ஏ எடுத்துச் செய்த ஆய்வு அது. ஒரு பாம்பையும் ஊசியால் குத்தவில்லை. மெலனின் தயாரிப்பு மட்டும் நின்றுபோவதால் செல்களின் பயணம் கெடுவதில்லை. அதனால் ஆல்பினோவுக்கு வெளிச்சம் கூசும், அவ்வளவுதான்.

குறை வரும் என்று வளர்ப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட சில:

1. ஷாம்பெயின்: ஒரு நகலிலேயே தள்ளாட்டம். ஸ்பைடரோடு சேர்த்தால் பிழைப்பதே கடினம்.
2. சூப்பர் சின்னமன், சூப்பர் பிளாக் பாஸ்டல்: முதுகெலும்பில் வளைவு, வாத்து அலகுபோல் தட்டையான மூக்கு.
3. கேரமல் ஆல்பினோ: முதுகெலும்பு வளைவு, பெண் பாம்புகளில் கருவளம் குறைவு.
4. டெசர்ட்: பெண் பாம்புகளுக்கு நல்ல முட்டை வருவதில்லை, முட்டை உள்ளேயே சிக்கி இறப்பதும் உண்டு.
5. சூப்பர் லெஸ்ஸர்: சில பாம்புகளில் புடைத்த கண்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், பெயர்கள். பம்பிள்பீ என்றால் ஸ்பைடரும் பாஸ்டலும் சேர்ந்தது. கில்லர் பீ என்றால் ஸ்பைடரும் சூப்பர் பாஸ்டலும். ஸ்பின்னர் என்றால் ஸ்பைடரும் பின்ஸ்ட்ரைப்பும். பெயரில் எங்குமே ஸ்பைடர் இல்லை, பாம்புக்குள் இருக்கிறது. 'பீ' என்று முடியும் பெயரைக் கண்டால் உள்ளே ஸ்பைடர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

எல்லாக் குறையும் மரபணு இல்லை

வளைந்த முதுகோடு ஒரு குட்டி பொரித்தவுடன் மார்ஃபைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பால் பைத்தான் முட்டைகள் சுமார் 31, 32 டிகிரி செல்சியஸில் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பொரியும். சூடு அதற்கு மேல் ஏறினால் எந்த மார்ஃபிலும் முதுகு கோணும், கண் சிறுக்கும், வயிறு மூடாமல் போகும். இரண்டு தலைப் பாம்பும் பெரும்பாலும் மரபணுவால் வருவதில்லை. ஒரு கரு இரட்டையாகப் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றதன் விளைவு அது.

நெருங்கிய உறவுக் கலப்பு மூன்றாவது காரணம். ஒடுங்கு நிறத்தை வெளியே கொண்டுவர எளிய வழி, ஆல்பினோ அப்பாவை அதன் ஹெட் மகளோடு சேர்ப்பது. நிறம் வரும். ஆனால் அப்பாவிடம் ஒற்றை நகலாக மறைந்திருந்த வேறு கெட்ட மரபணுக்களும் அதே வழியில் இரட்டை நகலாகி வெளியே வரும்.

எது காரணம் என்று பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவும்:

1. அதே ஈட்டில் வேறு மார்ஃப் குட்டிகளுக்கும் குறை இருக்கிறதா? இருந்தால் முதலில் சூட்டைச் சந்தேகிக்கவேண்டும்.
2. உறவில்லாத வேறு பெற்றோரிடம், வேறு வளர்ப்பாளர் வீட்டில், அதே மார்ஃபில் அதே குறை வருகிறதா? வந்தால் மார்ஃபின் மரபணு.
3. ஒரு குறிப்பிட்ட வம்சத்தில் மட்டும் வந்து, வெளி ரத்தம் கலந்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் உறவுக் கலப்பு.

ஸ்பைடர் இரண்டாவது கேள்வியில் சிக்குகிறது.

'நல்ல வம்சமாகப் பார்த்து வளர்த்தால் போகாதா?'

ஸ்பைடரை விற்பவர்கள் சொல்லும் வாதம் இது. ஆட்டம் குறைந்த பாம்புகளையே தேர்ந்து சேர்த்தால் மெல்ல மறையும் என்பார்கள். 1999க்குப் பிறகு இத்தனை தலைமுறை ஆயிற்று; எத்தனையோ விதமான பாம்புகளோடு சேர்த்தாயிற்று. கோலம் மட்டும் வந்து தள்ளாட்டம் வராத வம்சம் ஒன்றும் நிலைக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மரபணுக்களாக இருந்திருந்தால் எப்போதாவது பிரிந்திருக்கும். ஒரே மரபணுவின் இரு விளைவுகள் என்றால் பிரிவதற்கு எதுவும் இல்லை. லேசாக ஆடும் பெற்றோருக்கு மோசமாக ஆடும் குட்டி பிறப்பதையும் வளர்ப்பாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

'சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, அதற்கு என்ன குறை?' என்பது அடுத்த வாதம். சாப்பிடுவதும் முட்டையிடுவதும் உயிர் இருப்பதற்கான சான்று, நலமாக இருப்பதற்கான சான்று ஆகாது. பால் பைத்தான் வளர்ப்பில் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலையில் 2020இல் முட்டையிட்ட ஒரு பெண் பாம்புக்கு 60 வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை காலமும் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் வாழ்வதைச் சின்னக் குறை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஸ்பைடர் இனப்பெருக்கத்தை நிறுத்தவேண்டும் என்பதே என் கருத்து.

அந்தத் திசையில் சில இடங்களில் நகர்வு இருக்கிறது. ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம், வாரிசுகளுக்கு வலியோ துன்பமோ உறுப்புக் குறையோ தரும் இனப்பெருக்கத்தைத் தடை செய்கிறது. பிரிட்டனில் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கவே கூடாது. காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் பால் பைத்தான் இருப்பதால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024இல் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். குட்டி பொரிப்பு, கைமாற்றம், இறப்பு எல்லாவற்றையும் தெரிவிக்கவேண்டும். பெட்டியில் கடத்தி வரப்படும் பாம்புக்கு இந்தப் பதிவும் இருக்காது, பெற்றோர் யார் என்ற விவரமும் இருக்காது.

ஏற்கெனவே முறையாகப் பதிவு செய்த ஸ்பைடரோ பம்பிள்பீயோ வீட்டில் இருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. இணை சேர்க்காமல் இருந்தால் போதும். உயரமான கிளைகளை எடுத்துவிட்டுத் தாழ்வான, இறுக்கமான மறைவிடம் வையுங்கள். உயிருள்ள எலி வேண்டாம்; குறி தவறும் பாம்பை எலி கடித்துவிடும். உறைநிலையிலிருந்து எடுத்துச் சூடாக்கிய எலியை நீண்ட இடுக்கியால் வாய்க்கு மிக அருகில், ஆட்டாமல் பிடியுங்கள். இரண்டு மூன்று தடவை தவறினாலும் கையை இழுக்காமல் அங்கேயே வைத்திருங்கள்.